வெள்ளைக் கோட்டுக்கு அளவு

"போகலைன்னா போகலைதான் அண்ணி, சும்மா சும்மா அதையே கிளறாதீங்க, நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்—"

"கிளறத்தான் செய்வேன். திங்கட்கிழமை காலையில அந்தக் காலேஜ் வாசல்ல நீ நிக்கலைன்னா, உன்னை நானே இழுத்துட்டுப் போய்—"

"முதல்ல கத்தரியைக் கொடுங்க."

"கொடுக்க மாட்டேன்."

"ஸ்கூல் பேன்ட் துணி மலை மாதிரி கிடக்கு. கேட்டு வந்தா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். வெட்டுற ஆள் டாக்டருக்குப் படிக்கப் போயிட்டாங்கன்னு சொல்றேன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இந்தக் கடை பார்க்காத சிரிப்பா."

கத்தரி அண்ணியின் மடியில் இருந்தது. கால் மெஷினின் மிதிகட்டையில் இருந்தாலும் மெஷின் ஓடவில்லை. வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம், விரித்த நீலத்துணியின் மேல் சாக்பீஸை வைத்தபடி தங்கை நின்றாள். இருவருக்கும் நடுவில், கண்ணாடிக் கதவை ஒட்டிப் போட்டிருந்த கைவைத்த நாற்காலியில் அண்ணன். அவருடைய வலது கை மடியில் ஒரு தலையணையின் மேல் கிடந்தது. யார் பேசினாலும் அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பும்; திரும்பி முடிப்பதற்குள் மற்றவள் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அந்த அறைதான் கடை. பின்னால் தொங்கிய திரையைத் தாண்டினால் வீடு. அண்ணன் துணி வெட்டுவார், அண்ணி தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் மாஸ்டர். அளவு எடுக்கும்போதே ஆளைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். இடுப்பு பெருத்துவிட்டவர்களிடம், "டேப் சுருங்கிப்போச்சு சார், புதுசு வாங்கணும்" என்பார். இப்போது அவர் கை துணி வெட்டாது. வாயும் அப்படி ஒரு வார்த்தை பேசாது. சின்ன வயதில் அண்ணனிடம் கற்றுக்கொண்ட வெட்டை வைத்து, சில மாதங்களாகத் தங்கைதான் மேசையைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் போயிட்டா யார் வெட்டுறது? சொல்லுங்க. நீங்களா?"

"கடையைச் சாத்துறேன்."

"சாத்திட்டு?"

"கம்பெனிக்குப் போறேன். வரிசையா மெஷின் போட்டு வச்சிருக்கான், காலர் மட்டும் தைக்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்கான். நாள் முழுக்கக் காலர். தலையும் வேணாம், உடம்பும் வேணாம். நிம்மதி."

"அண்ணனை யார் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவா?"

"மாடி வீட்டுக்காரங்க மகன் வர்றேன்னிருக்கான். அதெல்லாம் என் தலைவலி. நீ ஏன் தலைக்குத் துண்டு கட்டிக்கிறே?"

"எனக்கும் அண்ணன்தானே."

"அதைத்தான் சொல்றேன். உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இந்த மேசையில நின்னு, துணியை வெட்டி வெட்டி, பாவத்தைக் கழுவிடலாம்னு பாக்குறே. கழுவுறதுக்கு என் வீடு என்ன குளியலறையா?"

தங்கை சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"சரி, அண்ணனையே கேளுங்க. போகணுமா வேண்டாமான்னு அவர் சொல்லட்டும்."

"நீயே கேளு. உனக்குத்தான் கேள்வி கேட்க நல்லா வருமே."

அது சுருக்கென்று பட்டாலும் தங்கை நாற்காலியின் அருகில் போய்க் குனிந்தாள். "அண்ணா. திங்கட்கிழமை காலேஜ் திறக்குது. நான் போகவா, இருக்கவா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். ஒரு பக்க உதடு மட்டும் அசைந்தது. "ஒண்ணுமில்லைங்க டாக்டர்," என்றார்.

"பார்த்தியா, போகச் சொல்றார்," என்றாள் அண்ணி. "டாக்டர்னு சொல்றார்."

"ஒண்ணுமில்லைன்னும் சொல்றார்."

அவருக்கு மிஞ்சியிருந்த பேச்சு அது ஒன்றுதான். பசித்தாலும் அதுதான், முதுகு வலித்தாலும் அதுதான். ஏன் அந்தச் சொற்கள் மட்டும் மிஞ்சின என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

தங்கை ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள். கல்யாணமும் முடிந்து, கல்யாண வாழ்க்கையும் முடிந்து, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போனாள். படிக்கிற பிள்ளைகள் நிஜ நோயாளியிடம் போவதற்கு முன் பேசிப் பழக ஓர் ஆள் வேண்டும். இன்றைக்கு வயிற்று வலிக்காரி, நாளைக்குத் தூக்கம் வராதவள், அடுத்த வாரம் கரு கலைந்தவள் என்று அவள் கட்டிலில் படுப்பாள். பிள்ளைகள் பயந்து பயந்து கேட்பார்கள், எழுதிக் கொடுத்த வலியை அவள் சொல்வாள். வருடக்கணக்காக இப்படிப் பொய்யாக வலித்த பிறகு, கேள்வி கேட்கிற பக்கத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கென்று அந்தக் கல்லூரியில் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். அதற்கு வயது தடையில்லை. முதலில் பரீட்சை, அப்புறம் நேர்காணல். பரீட்சையில் விழுந்து, மறுபடி எழுதி, மறுபடி விழுந்து, கடைசியில் தேறினாள். துணி விரித்த மேசையின் ஓர் ஓரத்தில் எப்போதும் அவள் புத்தகம் விரிந்திருக்கும். அண்ணி அதைத் தள்ளி வைப்பாள், அண்ணன் திரும்ப இழுத்து வைப்பார்.

நேர்காணலில் நடிப்பு நோயாளி ஒருவரிடம் பேசிக் காட்ட வேண்டும். அதற்காக வீட்டில் நோயாளி ஆனவர் அண்ணன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. கடை சாத்துகிற நேரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தங்கை அளவு டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி, டாக்டராக உள்ளே வருவாள்.

"வணக்கம். என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க டாக்டர். லேசா உயிர் போகுது, அவ்வளவுதான்."

"அண்ணா, ஒழுங்கா நடி."

"பெரிய டாக்டர் இல்லையா? உங்களைப் பார்த்தா டெய்லர் கடைப் பொண்ணு மாதிரி இருக்கு."

மெஷினில் இருந்தபடியே அண்ணி சிரிப்பாள். அவளுக்குப் பகலெல்லாம் முதுகு ஒடிகிற வேலை. அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு நாடகம், சினிமா எல்லாம்.

கல்லூரியில் நடிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. நடித்துக்கொண்டிருக்கிறவருக்கு நிஜமாகவே உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால், வலது கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் அந்த நிமிடமே எல்லாம் நிற்கும். தங்கை அந்த விதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் அதை வைத்தும் விளையாடுவார். காபி வேண்டும் என்றால் வலது கையைத் தூக்குவார்.

ஒரு நாள் சாயங்காலம் அவருக்கு அவள் நடிக்கக் கொடுத்திருந்தது நெஞ்சு வலி. திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். சாக்பீஸ் தரையில் உடைந்து கிடந்தது. என்ன பண்ணுது என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"ஓ, கேஸை மாத்திட்டியா? பரவாயில்லை, இதுவும் வரும்," என்றாள் அவள். அப்புறம் வரிசையாகக் கேட்டாள், எப்போது ஆரம்பித்தது, தலை வலிக்கிறதா, வேறு நோய் உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. பழகிய வரிசை, ஒன்றையும் விடவில்லை. அவர் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "வாயை இவ்வளவு கோணாதே அண்ணா, ஓவரா இருக்கு."

"இருக்கட்டும் விடு, அவருக்கு ஒரு மெடல் குத்தி விடலாம்," என்று அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவர் இடது கையைத் தூக்கினார். தங்கை அதைப் பிடித்து மெல்ல இறக்கி வைத்தாள். "வலது கைண்ணா. இடது கை கணக்கில்லை."

அவர் மறுபடி தூக்கினார். அவள் மறுபடி இறக்கினாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தபோது, நிஜமாகவே நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தாள்.

கேஸ் முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. வேஷம் கலைக்க மனசில்லை போல என்று சொல்லிக்கொண்டே அண்ணி காபி கொண்டுவந்து வாயில் வைத்தாள். காபி உதட்டோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. சுடச்சுட இறங்கியும் அவர் அசையவில்லை. அண்ணிதான் டம்ளரைக் கீழே போட்டாள். அண்ணிதான் தெருவில் ஓடி வண்டி பிடித்தாள். தங்கை கழுத்தில் டேப்போடு நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், "எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மூளையில் ரத்தம் கட்டிவிட்டது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கரைக்க மருந்து போட்டிருக்கலாம், இனிப் போட்டுப் பயனில்லை என்றார் அவர்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் நேர்காணல். போக மாட்டேன் என்றவளை அண்ணிதான் முகம் கழுவ வைத்து அனுப்பினாள். இடம் கிடைத்துவிட்டது. கிடைத்த நாளிலிருந்து இந்தச் சண்டை.

"கடைசியாக் கேக்குறேன்," என்றாள் அண்ணி இப்போது. "ஏன் போக மாட்டே? கடை, அண்ணன், அதெல்லாம் விடு. உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு."

தங்கை பதில் சொல்வதற்குள் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள்.

"வரலாமா? யாரும் ஊசியைக் கையில வச்சுக்கிட்டுச் சண்டை போடலையே? தெரு முனை வரைக்கும் சத்தம் கேக்குது."

வந்தவள் கல்லூரியில் நடிப்பவர்களைக் கவனித்துக்கொள்கிற அம்மாள். நடிப்பவர்களுக்குப் பொய்க் காயம், பொய்த் தழும்பு வரைந்து விடுவதால் எல்லோருக்கும் அவள் காயக்காரம்மா. தங்கையைப் பரீட்சை எழுதச் சொல்லி விரட்டியவளும் அவள்தான். கையில் ஒரு துணிப்பை.

தங்கை அவசரமாகக் கதவுப் பக்கம் வந்தாள். "நீங்க ஏம்மா இவ்வளவு தூரம்?"

"ஏன், வரக்கூடாதா? என் கட்டில்ல படுத்துக் கிடந்தவ டாக்டர் ஆகப்போறா. நான் வராம யார் வருவா?" பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினாள். "காலேஜ்ல கொடுக்கிற கோட்டு. எல்லாமே பெரிய அளவுதான் மிச்சம். இதைப் போட்டுக்கிட்டு நின்னா சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருப்பா. டெய்லர் வீட்டுப் பொண்ணு, அங்க போய் லொடலொடன்னு நின்னா மாஸ்டருக்குத்தானே அவமானம்?"

நாற்காலியின் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கீங்க மாஸ்டர்?" என்றாள்.

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்."

"என்னையும் டாக்டர் ஆக்கிட்டார் பாருங்க." காயக்காரம்மா சிரித்தாள், சிரிப்பு முடியும்போது மூக்கை உறிஞ்சினாள்.

அண்ணி கத்தரியை மெஷின் பலகையில் வைத்துவிட்டு எழுந்தாள். கோட்டை வாங்கி, உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்து, "கையில மடிப்பு இருக்கு, உள்ளே எடுத்துடலாம்," என்றாள். அவள் குரலே மாறிவிட்டது. "போடு. இங்க வா, வெளிச்சத்துல நில்லு."

"அண்ணி, இப்போ வேண்டாம்."

"போடுன்னா போடு."

தங்கை போட்டுக்கொண்டாள். விரல் நுனி வரை கோட்டு மறைத்தது. அண்ணி ஒரு கொத்து குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

காயக்காரம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். "என்ன சண்டை?"

அண்ணி வாயில் ஊசி இருந்ததால் தலையால் தங்கையைக் காட்டினாள்.

"போக மாட்டேங்கிறாளா? நினைச்சேன். சேர்றியான்னு கேட்டதுக்கு இவ இன்னும் பதில் சொல்லலைன்னு காலேஜ் ஆபீஸ்ல சொன்னாங்க. ஏய், உனக்குப் பைத்தியமா? அந்த நேர்காணல்ல எத்தனை படிச்ச பிள்ளைங்க வந்திருந்தாங்க தெரியுமா? உன்னைத்தானே எடுத்தாங்க. எதுக்கு எடுத்தாங்க?"

"அம்மா, அதை விடுங்க."

"எதுக்கு விடணும்? உங்க அண்ணிக்குத் தெரியட்டுமே." காயக்காரம்மா அண்ணியின் பக்கம் குனிந்தாள். "ஏன் டாக்டர் ஆகணும்னு கேட்டதும், இவ அந்தச் சாயங்காலத்தைச் சொன்னாளாம். நான் அறைக்கு வெளியே இருந்தேன். உள்ளே இருந்த பெரிய டாக்டர் வந்து சொன்னார். அவர் லேசுல அசையுற ஆள் கிடையாது. அவரே ஆடிப்போயிட்டார். அண்ணன் நடிக்கிறார்னு வீட்ல எல்லாரும் நினைக்கிறாங்க, இவ மட்டும் அந்த வாயைப் பார்க்கிறா. பார்த்த உடனே, இது நடிப்பு இல்லைன்னு டேப்பைத் தூக்கி வீசிட்டுத் தெருவுல ஓடி வண்டியை நிறுத்துறா. என்ன ஒரு கண்ணு பாருங்க, என்ன ஒரு தைரியம்."

அண்ணியின் கை தங்கையின் மணிக்கட்டில் நின்றது. வாயில் ஊசிகள் இருந்தன.

"நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க," என்றாள் காயக்காரம்மா, இன்னும் தணிந்த குரலில். "உங்க இடத்துல யார் இருந்தாலும் சிரிச்சிருப்பாங்க. நான் இருந்திருந்தா கை தட்டியிருப்பேன். இவ அதைக்கூட எவ்வளவு பக்குவமாச் சொன்னாளாம் தெரியுமா? 'எங்க அண்ணி சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க, இன்னும் கொஞ்சம் நடிக்கச் சொன்னாங்க, ஆனா அவங்களை யாரும் குத்தம் சொல்லக்கூடாது'ன்னு. அந்த இடத்துலதான் பெரிய டாக்டர் கண்ணைத் துடைச்சாராம்."

அண்ணி வாயிலிருந்து ஓர் ஊசியை எடுத்துக் கைமடிப்பில் குத்தினாள். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் குத்தினாள்.

"இப்போ அதைப் பாடமாவே வச்சுட்டாங்க," என்றாள் காயக்காரம்மா. "முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு. யார் என்னன்னு சொல்றதில்லை, பயப்படாதீங்க. 'சிரிச்ச அண்ணி'ன்னு அதுக்குப் பேர். கூட இருக்கிறவங்க சொல்றதை நம்பாதே, நோயாளியைப் பாருன்னு சொல்றதுக்கு. உங்களால எத்தனை உயிர் பிழைக்கப்போகுதோ."

கடைசி ஊசி வாயை விட்டு வந்த பிறகுதான் அண்ணி பேசினாள்.

"ஆமாங்க. நான் சிரிச்சேன்."

"அதான் சொல்றேனே, அதைப் பெரிசா—"

"காபி சாப்பிடுறீங்களா?"

"வேணாம்மா, எனக்கு ரெண்டு எரிஞ்ச கையும் ஒரு வெட்டுப்பட்ட தலையும் வரைய வேண்டியிருக்கு." காயக்காரம்மா எழுந்தாள். தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். "திங்கட்கிழமை வர்றே. நான் வாசல்ல நிப்பேன். மாஸ்டர், வரட்டுமா?"

கதவு சாத்திக்கொண்டது. அவள் தெருவைக் கடந்து போகிறது கண்ணாடியில் தெரிந்தது. அண்ணன் அவள் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை கோட்டைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதே. இன்னொரு கை பாக்கி."

"அண்ணி."

"கையை நீட்டு."

"நான் சொல்றதைக் கேளுங்க."

"ஆடாம நில்லு. குத்தும்."

அண்ணி இடது கையின் துணியை மடித்தாள். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"இதனாலதான் போக மாட்டேன்னு சொன்னேன்," என்றாள் தங்கை.

"தெரியுது. நான் முட்டாள், நீ எங்களுக்காகத்தான் போகாம இருக்கேன்னு நினைச்சுட்டேன். கம்பெனிக்குப் போறேன், காலர் தைக்கிறேன்னு உன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்."

"வரிசையா உட்கார்ந்திருந்தாங்க அண்ணி. எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. ஏன் டாக்டர் ஆகணும்னு கேட்டதும் வேற எதுவுமே வாயில வரலை, அந்தச் சாயங்காலம்தான் வந்துச்சு. சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னா யார் இடம் கொடுப்பா? சொந்த அண்ணன் வாய் கோணினப்போ ஓவரா இருக்குன்னு சொன்னவளுக்கு? பாதியில அது மாறிப்போச்சு."

"தானா மாறிச்சா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல. தானா மாறிச்சா?"

"இல்லை. நான்தான் மாத்தினேன்."

"ஆங். அப்படிச் சொல்லு." அண்ணி ஓர் ஊசியைக் குத்தினாள். "நான் சிரிச்சது பொய்யில்லை. கெக்கேபிக்கேன்னு சிரிச்சேன். மெடல் குத்தலாம்னு சொன்னேன். யார் வந்து கேட்டிருந்தாலும் ஒத்துக்கிட்டிருப்பேன். ராத்திரி படுத்தா அந்தச் சிரிப்புதான் காதுல கேக்குது. அதை நீ எடுத்துக்கிட்டுப் போனதுகூடப் பரவாயில்லை. டம்ளரைப் போட்டுட்டு ஓடினேனே, செருப்புகூட இல்லாம. அதை ஏன் எடுத்துக்கிட்டே? எங்கிட்ட நல்லதுன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

தங்கையின் தோள் குலுங்கியது. அண்ணி அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள், ஆறுதலுக்கு அல்ல, துணி அசையாமல் இருப்பதற்கு.

"திங்கட்கிழமை போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்றாள் தங்கை. "பெரிய டாக்டர்கிட்டயே சொல்றேன். இடம் போனா போகட்டும்."

"போனா எங்க வருவே?"

"இங்கதான். எனக்கு வேற எங்க?"

"அதுதான் வேண்டாங்கிறேன்."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"போ. போய்ப் படி. ஒண்ணும் சொல்லாதே."

"எப்படி அண்ணி? அந்த வகுப்புல நானும்தான் உட்காரணும். உங்களைப் பாடமா நடத்துவாங்க. எல்லாரும் எழுதிக்குவாங்க. நான் என்ன பண்றது?"

"தலையை ஆட்டு. நான் இங்க வேளைக்கு வேளை இவர் வாயைத் துடைக்கிறேன், நீ அங்க தலையை ஆட்டு. ஆளுக்கொரு வேலை."

"என்னால முடியாது."

"முடியும். உனக்கு நடிக்க வரும்." அண்ணி கடைசி மடிப்பைப் பிடித்து, உயரத்தைக் கண்ணால் அளந்தாள். "நீ உண்மையைச் சொல்லிட்டு வந்து நின்னா, உன் மனசு லேசாகிடும். அப்புறம் இந்த மேசையில நின்னு துணியும் வெட்டுவே, இவரையும் தூக்குவே, பார்க்கிறவங்க எல்லாம் தங்கமான தங்கைம்பாங்க. நானும் அதை நாள் பூரா பார்த்துக்கிட்டு மெஷினை ஓட்டணும். இவர் கையும் போச்சு, உன் படிப்பும் போச்சுன்னா, அன்னிக்குச் சாயங்காலம் நடந்தது எதுக்குன்னு நான் யாரைக் கேக்குறது? எவளாவது ஒருத்தி அதுல இருந்து ஏதாவதா வெளியே வரணும். நீயே வந்து தொலை."

அண்ணன் நாற்காலியில் கொஞ்சம் சரிந்திருந்தார். அண்ணி போய், இரண்டு கையையும் அவர் அக்குளில் கொடுத்துத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தாள். தலையணையைச் சரி செய்து, செத்த கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். தங்கை உதவிக்கு ஓர் அடி வைத்தாள்.

"நீ அங்கேயே நில்லு. கோட்டுல ஊசி இருக்கு, அவரைக் குத்திடும்."

தங்கை நின்றாள். எதிரே கண்ணாடிக் கதவில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் தெரிந்தாள். கை நீளம் சரியாக இருந்தது. அண்ணன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்; வாடிக்கையாளரைப் பார்க்கிற அதே பார்வை, தோளில் கொஞ்ச நேரம் நின்று, இடுப்புக்கு இறங்கியது. ஏதோ சொல்ல வாய் அசைந்தது. சொல்லவில்லை.

"அண்ணா," என்றாள் தங்கை.

"போறியா?" என்று அண்ணி கேட்டாள். அவள் மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். நீல நூலை உருவிவிட்டு வெள்ளை நூலைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போறேன்."

"திங்கட்கிழமை?"

"திங்கட்கிழமை."

"கழட்டிக் கொடு. ஊசி மேல கவனம்."

தங்கை கோட்டைக் கழற்றி, கைகள் இரண்டையும் மேலாக வைத்து மெஷின் பலகையில் வைத்தாள். பிறகு மேசையின் பின்னால் போய், வெட்டாமல் கிடந்த நீலத்துணியை மடிக்க ஆரம்பித்தாள். அண்ணி மெஷின் பலகையில் கிடந்த கத்தரியை யாரும் கேட்காமலே எடுத்து மேசைமேல் வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை.

மெஷின் ஓடியது. ஒரு கை முடிந்தது. அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், இரண்டாவது கையைத் திருப்பி ஊசிக்குக் கீழே கொடுத்தாள், மிதிகட்டையில் காலை வைத்தாள். மிதிக்கவில்லை.

"அந்தக் கதையை அழுதுக்கிட்டே கேட்டாங்களே அத்தனை டாக்டருங்க," என்றாள், துணியைப் பார்த்தபடி. "அதுல ஒருத்தராவது, அந்த அண்ணி இப்போ எப்படி இருக்கான்னு கேட்டாங்களா?"